மரக்கூழ் நூலிழையாகும் விந்தை: கரைப்பானைத் தேடி ஒரு நூற்றாண்டு

ஜவுளிக் கடைகளில் "ஆர்ட் சில்க்" என்று சொல்லிப் புடவை விற்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்த "ஆர்ட்" கலையைக் குறிப்பதன்று. "ஆர்டிபிஷியல்" என்ற சொல்லின் சுருக்கமே அது. செயற்கைப் பட்டு என்பது பொருள். இன்று இப்பெயரில் வருவனவற்றுள் பெரும்பகுதி பாலியெஸ்டர்தான். ஆனால் இப்பெயர் முதன்முதலில் வழங்கியது ரேயானுக்கு. அந்த ரேயானோ பெட்ரோலியத்திலிருந்து பிறந்ததன்று, மரத்திலிருந்து பிறந்தது. ஈரோடு வட்டாரத்து விசைத்தறிகளில் இரவும் பகலும் ஓடும் ரேயான் நூலின் மூலம் ஏதோ ஒரு காட்டில் நின்ற தைல மரமாகவோ ஊசியிலை மரமாகவோ இருக்கும்.

கட்டை எப்படிப் பளபளக்கும் நூலாகிறது? இக்கேள்விக்கு விடை நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆயினும் அந்த விடையில் ஒரு நஞ்சு கலந்திருந்தது. அந்த நஞ்சை நீக்கும் முயற்சியே இக்கட்டுரையின் பொருள்.

உருகாது, கரையாது

பட்டுப்புழு நூல் நூற்பதை எண்ணிப் பாருங்கள். அதன் உடலில் இருப்பது நூல் அன்று, ஒரு குழம்பு. அக்குழம்பை நுண்ணிய துளை வழியே வெளியே விடுகிறது. வெளிவந்ததும் அது இறுகி இழையாகிறது. மனிதன் இழை செய்வதற்கும் இதுவே வழி. முதலில் திரவம் வேண்டும், பிறகு துளை, பிறகு அத்திரவம் இறுகவேண்டும். நைலானையும் பாலியெஸ்டரையும் திரவமாக்குவது எளிது. சூடாக்கினால் உருகிவிடும். வெளிவந்ததும் காற்றுப் பட்டு இறுகும்.

செல்லுலோஸ் அப்படி வளைந்துகொடுக்கும் பொருளன்று. சூடாக்கினால் உருகுமுன்பே கருகிவிடும். நீரில் கரையாது, சாராயத்தில் கரையாது, சாதாரணக் கரைப்பான் எதிலும் கரையாது. கரையுமானால், மழையில் நனைந்த வேட்டியின் கதி என்னவாகும்?

இந்தப் பிடிவாதத்தின் காரணம் அதன் மூலக்கூறு அமைப்பில் இருக்கிறது. செல்லுலோஸைத் தாவரத் திசுவிலிருந்து பிரித்து இன்னதென்று 1838-ஆம் ஆண்டில் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலார் ஆன்செல்ம் பாயன். அது குளுகோஸ் என்னும் சர்க்கரை அலகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீண்ட சங்கிலி. நாம் உண்ணும் அரிசியின் மாவுப்பொருளும் குளுகோஸ் சங்கிலிதான். ஆனால் மாவுப்பொருளில் அலகுகள் சேரும் கோணம் வேறு. அச்சங்கிலி சுருளாக வளையும். செல்லுலோஸில் ஓர் அலகு நிமிர்ந்தால் அடுத்த அலகு கவிழ்ந்திருக்கும். இதனால் சங்கிலி நாடாவைப்போல நேராக நீள்கிறது. நேரான நாடாக்கள் அருகருகே நெருங்கிப் படுக்கமுடியும். ஒவ்வொரு குளுகோஸ் அலகிலும் மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவை பக்கத்துச் சங்கிலியிலுள்ள ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றிக்கொள்கின்றன. ஒரு பிணைப்பு வலுவற்றதுதான். ஆயிரக்கணக்கான பிணைப்புகள் வரிசையாகச் சேர்ந்தால், கறையான் பல்லுக்கும் மாட்டின் இரைப்பைக்கும் வேலை வைக்கும் உறுதி வந்துவிடுகிறது. உண்மையில் அவற்றாலும் முடிவதில்லை. அவற்றின் குடலில் வாழும் நுண்ணுயிர்களே அதை உடைக்கின்றன.

ஆகவே, செல்லுலோஸைக் கரைப்பதென்றால் இந்தப் பிணைப்புகளுக்கிடையே எதையாவது நுழைத்துச் சங்கிலிகளைப் பிரிக்கவேண்டும். அதுமட்டும் போதாது; நுழைத்ததைப் பின்னர் வெளியே எடுக்கவும் வழி இருக்கவேண்டும்.

பழைய வழிகள்

முதலில் வெற்றி கண்டவர் பிரான்சு நாட்டு இலேர் த ஷார்தொனே. பாஸ்டரின் பட்டுப்புழு நோய் ஆராய்ச்சியோடு தொடர்புகொண்டிருந்த இவர், புழு இல்லாமலே பட்டு செய்யலாகாதா என்று எண்ணினார். செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்து நைட்ரோ செல்லுலோஸ் ஆக்கி, ஈதர்-சாராயக் கலவையில் கரைத்து இழை இழுத்தார். 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில் இது பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. ஆனால் நைட்ரோ செல்லுலோஸின் மற்றொரு பெயர் வெடிபஞ்சு! நைட்ரோ தொகுதியைப் பின்னர் நீக்கினாலொழிய, அத்துணி அணிந்தவர் அடுப்படிக்குப் போவது ஆபத்து.

மற்றொரு வழி, செப்பு உப்பையும் அம்மோனியாவையும் சேர்த்த நீலக் கரைசல். 1857-இல் ஷ்வைட்சர் என்பவர் இதில் பருத்தி கரைவதைக் கண்டார். வடிதாளை இக்கரைசலில் கரைத்து, ஊசிக்குழல் மூலம் அமிலத்தில் பீய்ச்சி இழை செய்வதைப் பல பள்ளிகளில் மேல்நிலை வகுப்பு மாணவர்கள் வேதியியல் செயல்திட்டமாகச் செய்வதுண்டு. இம்முறையில் செய்யும் மெல்லிய இழை இன்றும் ஜப்பானில் தயாராகிறது. செம்பின் விலையும், அதைக் கழிவுநீரிலிருந்து மீட்கும் செலவும் இதைப் பெருந்தொழிலாக வளரவிடவில்லை.

உலகை வென்றது மூன்றாவது வழி. 1892-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் ஆகிய மூவர் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறை அது. 1904-இல் கோர்ட்டால்ட்ஸ் என்ற பட்டு நெசவு நிறுவனம் உரிமையை வாங்கிக் கவென்ட்ரி நகரில் ஆலை அமைத்தது. அதன்பின் விஸ்கோஸ் நிற்கவே இல்லை. இந்தியாவில் முதலில் ரேயான் செய்தது கேரளத்தின் பெரும்பாவூரிலிருந்த திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை. 1950-இல் உற்பத்தி தொடங்கிய இதை நிறுவியவர், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தோற்றுவித்த எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1954-இல் மத்தியப் பிரதேசத்து நாக்தாவில் விஸ்கோஸ் பஞ்சு உற்பத்தி தொடங்கியது.

விஸ்கோஸ் ஆலைக்குள்

மரத்தில் சுமார் 40 முதல் 50 விழுக்காடுதான் செல்லுலோஸ். லிக்னின் முதலிய மற்றவற்றை நீக்கி, காகிதக்கூழைவிடத் தூய்மையான கூழாக்கி, தடித்த அட்டைகளாக ஆலைக்குக் கொண்டுவருகிறார்கள். அட்டையை 18 விழுக்காடு எரிசோடாக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். செல்லுலோஸ் உப்பிச் சங்கிலிகள் சற்றே விலகுகின்றன. பிழிந்து, பொடிப்பொடியாக உதிர்த்து, காற்றுப்பட மணிக்கணக்கில் வைக்கிறார்கள். இதற்கு முதிரவைத்தல் என்று பெயர். பெயர் நயமாக இருக்கிறது. நடப்பது என்னவோ சங்கிலிகளைத் துண்டிப்பதுதான். நீண்ட சங்கிலி கொண்ட கரைசல் துளை வழியே செல்லமுடியாத அளவு கெட்டியாகிவிடும். எனவே ஆக்சிஜன் சங்கிலிகளை அறுக்க விடுகிறார்கள். இயற்கைப் பருத்தியில் ஒரு சங்கிலியில் பல்லாயிரம் குளுகோஸ் அலகுகள் இருக்கும்; விஸ்கோஸ் இழையில் எஞ்சுவது சுமார் 300.

இனித்தான் கதாநாயகன் வருகிறான்; வில்லனும் அவனே. கார்பன் டைசல்பைடு என்னும் திரவத்தைப் பொடியோடு சேர்த்து மூடிய கலத்தில் உருட்டுகிறார்கள். வெள்ளைப் பொடி ஆரஞ்சு நிறமாகிறது. சராசரியாக இரண்டு குளுகோஸ் அலகுக்கு ஒன்று வீதம் கந்தகத் தொகுதி செல்லுலோஸில் ஒட்டிக்கொள்கிறது. இதன் பெயர் செல்லுலோஸ் சாந்தேட். துருத்திக்கொண்டிருக்கும் கந்தகத் தொகுதிகள் சங்கிலிகளை மீண்டும் நெருங்கவிடுவதில்லை. நீர்த்த எரிசோடாவில் அது கரைந்து, தேன்போன்ற குழம்பாகிறது. பிசுபிசுப்பு மிகுந்த இக்குழம்புதான் விஸ்கோஸ்.

குழம்பை வடிகட்டி, காற்றுக்குமிழி நீக்கி, ஸ்பின்னரெட் என்னும் நுண்துளைத் தகட்டின் வழியே கந்தக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சுகிறார்கள். பொன்னும் பிளாட்டினமும் கலந்து செய்த தகடு அது. எரிசோடாவும் அமிலமும் இரு பக்கமும் தின்ன வந்தாலும் தாங்குவதற்காக. அமிலம் பட்டதும் கந்தகத் தொகுதி கழன்றுவிடுகிறது. செல்லுலோஸ் பழையபடி செல்லுலோஸாகி இழையாக இறுகுகிறது.

இங்கே நின்று ஒன்றைக் கவனியுங்கள். முடிவில் கிடைத்த இழையில் கந்தகம் இல்லை, சோடியமும் இல்லை. 100 கிலோ செல்லுலோஸுக்குச் சுமார் 30 கிலோ கார்பன் டைசல்பைடு சேர்த்தோமே, அது எங்கே போயிற்று? ஒரு பகுதி அப்படியே ஆவியாக வெளிவருகிறது. மற்றொரு பகுதி பக்கவினைகளில் சிக்கி, அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடாக வெளிவருகிறது. எரிசோடாவும் கந்தக அமிலமும் ஒன்றையொன்று கொன்று சோடியம் சல்பேட் ஆகின்றன. உருவத்தை மாற்றுவதற்காக மட்டும் இத்தனை வேதிப்பொருளைச் செலவழித்து, அத்தனையையும் வெளியே தள்ளுகிறோம். விஸ்கோஸ் முறையின் அடிப்படைக் குறை இதுதான் என்பது என் கருத்து. மற்றக் குறைகள் இதன் பிள்ளைகள்.

தொழிலாளர் மூச்சில் கலந்தது

கார்பன் டைசல்பைடு 46 டிகிரி செல்சியஸில் கொதிப்பது, எளிதில் தீப்பற்றுவது. கொதிநீராவிக் குழாயின் சூடு பட்டாலே போதும், தீப்பொறி தேவையில்லை. ஆனால் தீயைவிடப் பெரிய ஆபத்து அதன் ஆவி. கொழுப்பில் எளிதில் கரைவதால் நரம்புத் திசுக்களை நாடிச் செல்கிறது.

இது புதிதாகத் தெரிந்த செய்தியன்று. விஸ்கோஸ் பிறப்பதற்கு முன்பே, 1856-இல், பாரிஸ் நகர மருத்துவர் அகுஸ்த் தெல்பெக், ரப்பர்ப் பட்டறைகளில் இத்திரவத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்குத் தலைவலி, கைகால் தளர்ச்சி, மனக்கலக்கம் முதலியன வருவதைப் பதிவுசெய்தார். ரேயான் ஆலைகள் பெருகியபோது அதே நோய்கள் அங்கும் வந்தன. 1930-களின் பிற்பகுதியில் அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் பென்சில்வேனியா மாநிலத்து ரேயான் தொழிலாளரிடையே நடந்த ஆய்வுக்குத் துணைநின்றார். நடுக்குவாதம், பார்வைக் கோளாறு, நரம்புத் தளர்ச்சி எல்லாம் அங்கே தென்பட்டன. 1968-இல் டில்லர் முதலியோர் பிரிட்டனில் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டியது: நூற்புப் பகுதியில் வேலை செய்தவர்கள் மாரடைப்பால் இறப்பது மற்றவரைவிட அதிகம். நரம்பைத் தாக்கும் அளவுக்குக் கீழான செறிவும் ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் இதய நாளங்களைக் கெடுக்கிறது என்பது பின்னர் உறுதிப்பட்டது. அமெரிக்கத் தொழிற்சுகாதார வல்லுநர் கழகம் பரிந்துரைத்த எல்லை 10 லட்சம் பங்கு காற்றில் 20 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகவும், 2006-இல் ஒரே பங்காகவும் இறங்கியது.

தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலையின் கதை கொடுமையானது. ஜப்பானிலிருந்து வாங்கிய பழைய இயந்திரங்களோடு 1960-களில் இயங்கத் தொடங்கிய அவ்வாலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் இந்நஞ்சுக்கு ஆளாயினர். நீண்ட போராட்டத்திற்குப் பின் 1993-இல் ஆலை மூடப்பட்டது. இயந்திரங்களோ உடைக்கப்படவில்லை, சீனாவுக்கு விற்கப்பட்டன. ஒரு நாட்டில் கழித்துக்கட்டிய தொழில்நுட்பம் அடுத்த நாட்டில் புதுவரவாகக் குடியேறுவது வேதித்தொழிலில் அபூர்வமன்று.

நம் ஆறுகளும் இத்தொழிலை அறியும். மேட்டுப்பாளையத்தை அடுத்த சிறுமுகையில், பவானிக் கரையில், நீலகிரியின் தைல மரத்தையும் சீகை மரத்தையும் கூழாக்கிய விஸ்கோஸ் ஆலை ஒன்று இருந்தது. கழிவுநீர் ஆற்றில் கலந்ததை எதிர்த்துக் கீழ்ப்பகுதி உழவர் கிளர்ந்தனர். ஆலை பின்னர் நின்றுபோயிற்று. கேரளத்தில் சாலியாற்றங்கரை மாவூர்க் கூழ் ஆலைக்கும் இதே கதை. வேலை இழந்தோரின் துயரமும் சிறிதன்று. ஆறா, வேலையா என்று ஊரார் இருபிரிவாகப் பிரிந்து நிற்க நேர்ந்ததற்கு மூலகாரணம் ஒரு வேதிச் சமன்பாடு என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் வேறு கரைப்பான் இருந்திருந்தால் அச்சண்டையில் பாதி எழுந்திராது.

ஒட்டுப்போட்ட முன்னேற்றங்கள்

விஸ்கோஸ் ஆலைகள் கைகட்டி இருந்துவிடவில்லை. நூற்பு இயந்திரங்களுக்குக் கண்ணாடிக் கூண்டு அமைத்து ஆவியை உறிஞ்சினார்கள். வெளிவரும் கார்பன் டைசல்பைடைக் குளிரவைத்தும், கிளர்வூட்டிய கரியில் ஒட்டவைத்தும் மீட்டார்கள். ஹைட்ரஜன் சல்பைடை எரிசோடாவில் கழுவினார்கள். இன்றைய நல்ல ஆலையொன்று, சேர்த்த கந்தகத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுவிடுகிறது. எல்லா ஆலையும் நல்ல ஆலையல்ல என்பதே தொல்லை.

இழையின் தரத்திலும் முன்னேற்றம் வந்தது. வாசகர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ரேயான் துணியிலிருந்து இரு நூல்கள் உருவுங்கள். வேட்டியிலிருந்து இரு பருத்தி நூல்கள் உருவுங்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றை நனைத்து, ஒன்றை உலர்ந்தபடியே வைத்து, இழுத்து அறுத்துப் பாருங்கள். நனைந்த பருத்தி முன்னிலும் உறுதியாக இருக்கும். நனைந்த ரேயான் பட்டென்று அறும். ஈரத்தில் சாதாரண விஸ்கோஸின் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. ரேயான் புடவையை முறுக்கிப் பிழியாதே என்று சொல்வது இதனால்தான்.

காரணம், அமிலத் தொட்டியில் நடக்கும் அவசரம். குழம்பு அமிலத்தைத் தொட்டதும் வெளித்தோல் முதலில் இறுகிவிடுகிறது. உள்ளிருக்கும் நீர் பின்னர் வெளியேறும்போது தோல் சுருங்கி மடிகிறது, சுண்டைக்காய் வற்றலைப்போல. நுண்ணோக்கியில் விஸ்கோஸ் இழையின் குறுக்குவெட்டைப் பார்த்தால் ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். உள்ளே சங்கிலிகள் ஒழுங்காகப் படுக்க நேரமில்லாமல் தாறுமாறாக இறுகிவிட்டன. அப்படியானால் இறுகுவதைத் தாமதப்படுத்தினால்? ஜப்பானில் தச்சிகாவா என்பவர் இதைத்தான் செய்தார். சங்கிலிகளை அதிகம் அறுக்காமல், அமிலத்தைக் குறைத்து, தொட்டியைக் குளிரவைத்து, இழை இளகியிருக்கும்போதே நன்றாக இழுத்தார். ஈரத்திலும் தளராத "பாலினோசிக்" இழை கிடைத்தது. துத்தநாக உப்பைத் தொட்டியில் சேர்த்துக் கந்தகத் தொகுதி கழல்வதை மெதுவாக்குவது மற்றொரு வழி; மோட்டார் டயருக்குள் வைக்கும் வலுவான ரேயான் கயிறு இவ்வழியில் பிறந்தது. துத்தநாகம் மீனுக்கு நஞ்சு என்பதால் அதை மீட்கத் தனி ஏற்பாடு வேண்டியதாயிற்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று முளைக்கும் கதை.

நேரடியாகக் கரைத்தல்

செல்லுலோஸை வேறொரு பொருளாக மாற்றாமல், உப்பை நீரில் கரைப்பதுபோல நேரடியாகக் கரைத்து, பின் நேரடியாகவே மீட்டால் என்ன? 1939-இல் கிரேனாகர், சல்மான் என்ற இருவர் அமீன் ஆக்சைடு என்னும் வகைச் சேர்மங்கள் செல்லுலோஸைக் கரைப்பதாகக் காப்புரிமையில் குறித்தனர். அது முப்பதாண்டு கிடப்பில் கிடந்தது. 1960-களின் இறுதியில் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் ஜான்சன் என்பவர் என்-மெத்தில் மார்போலின் என்-ஆக்சைடு என்ற சேர்மத்தின் திறனைக் கண்டார். நீண்ட இப்பெயரைச் சுருக்கி என்.எம்.எம்.ஓ. என்பர்.

இதன் மூலக்கூறில் நைட்ரஜனோடு ஓர் ஆக்சிஜன் ஒட்டி நிற்கிறது. அந்த ஆக்சிஜன் மிகுந்த எதிர்மின் தன்மை உடையது. ஹைட்ராக்சில் தொகுதியின் ஹைட்ரஜனை வலிந்து இழுத்துக்கொள்ளும். செல்லுலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் கையை விடுவித்து, தன்னைப் பற்றிக்கொள்ளச் செய்கிறது. சங்கிலிகள் விலகுகின்றன, செல்லுலோஸ் கரைகிறது. புதுச் சேர்மம் எதுவும் உண்டாகவில்லை. பிறகு ஏராளமாக நீர் ஊற்றினால், கரைப்பான் நீரையே நாடிப்போகிறது. கைவிடப்பட்ட சங்கிலிகள் மீண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து திடப்பொருளாகின்றன. அமிலம் வேண்டாம், எரிசோடா வேண்டாம், கந்தகம் வேண்டவே வேண்டாம்.

சொல்ல எளிது. தொழிலாக்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அமெரிக்காவின் என்கா நிறுவனம் 1970-களில் நூற்பு முறையை உருவாக்கியது. ஆனால் வணிக அளவிற்குப் போகவில்லை. கோர்ட்டால்ட்ஸ் நிறுவனம் விடாப்பிடியாக உழைத்து, 1992-இல் அமெரிக்காவின் மொபீல் நகரில் முதற் பேராலையை அமைத்து "டென்சல்" என்ற பெயரில் விற்றது. 1997-இல் ஆஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் தன் ஆலையைத் தொடங்கியது. இவ்வகை இழையின் பொதுப்பெயர் லையோசெல். கரைத்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நூறாண்டுக்கு முன் விஸ்கோஸைத் தொழிலாக்கிய அதே கோர்ட்டால்ட்ஸே அதற்குப் போட்டியையும் பெற்றெடுத்தது என்பது சுவையான செய்தி.

ஏன் இவ்வளவு காலம்? முதல் தடை நீரின் அளவு. நீர் மிகுந்தால் செல்லுலோஸ் கரையாது. நீர் அறவே இல்லாத கரைப்பான் 170 டிகிரிக்கு மேல்தான் உருகும். அச்சூட்டில் அது சிதைந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட குறுகிய வாசல் வழியே நுழையவேண்டும். எனவே முதலில் நீர் மிகுந்த கரைப்பானில் கூழைக் கலக்கி, கரையாத சேறாக வைத்துக்கொள்கிறார்கள். பிறகு வெற்றிடத்தில் மெல்லிய படலமாகப் பரப்பிச் சூடாக்கி நீரை மெல்ல இழுக்க, ஒரு கட்டத்தில் கூழ் சட்டென்று கரைந்து தேன் நிறக் குழம்பாகிறது. அதில் செல்லுலோஸ் 14 விழுக்காடு, நீர் 10, எஞ்சிய 76 கரைப்பான் என்ற அளவில் இருக்கும்.

இரண்டாம் தடை பாதுகாப்பு. சூடான இக்குழம்பில் இரும்பு, செம்பு அயனிகள் சிறிது கலந்தாலும் கரைப்பான் சிதையத் தொடங்கும். சிதைவு வெப்பத்தை உமிழும். வெப்பம் சிதைவை விரைவுபடுத்தும். குழாய் வெடிக்கும் அளவுக்குப் போகலாம். புரோப்பைல் காலேட் என்னும் காப்புப்பொருளைச் சிறிது சேர்க்கிறார்கள். குழாய்களில் அழுத்தம் மிகுந்தால் தானே உடைந்து வழிவிடும் தகடுகளைப் பொருத்துகிறார்கள். நஞ்சில்லாத முறை என்பதால் ஆபத்தில்லாத முறை என்று எண்ணிவிடக்கூடாது.

மூன்றாவது, பணம். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். 14 பங்கு செல்லுலோஸுக்கு 76 பங்கு கரைப்பான் எனில், 1 கிலோ இழைக்கு ஏறக்குறைய 5.4 கிலோ கரைப்பான். விலையுயர்ந்த சரக்கு. அதில் நூற்றுக்கு ஒன்று வீணானாலும் கிலோ இழைக்கு 54 கிராம் நட்டம், ஆகவே 99 விழுக்காட்டுக்கு மேல் மீட்டே ஆகவேண்டும், மீட்கவும் செய்கிறார்கள். நூற்புத் தொட்டியில் கரைப்பானின் செறிவு 20 விழுக்காடு எனக் கொள்வோம். 5.4 கிலோ கரைப்பான் 27 கிலோ திரவத்தில் இருக்கும். அதை மீண்டும் 77 விழுக்காடாகச் செறிவூட்டினால் எஞ்சுவது 7 கிலோ. அதாவது ஒரு கிலோ இழைக்கு 20 கிலோ நீரை ஆவியாக்கவேண்டும்! ஒன்றன் ஆவியால் அடுத்ததைக் கொதிக்கவைக்கும் அடுக்கு ஆவியாக்கிகள் இல்லையேல் எரிபொருட் செலவே தொழிலை விழுங்கிவிடும். விஸ்கோஸ் வேதிப்பொருளைத் தின்கிறது. லையோசெல் வெப்பத்தைத் தின்கிறது. அந்த வெப்பம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தே அதன் தூய்மை.

நூற்கும் விதமும் வேறு. ஸ்பின்னரெட் தொட்டிக்குள் அமிழ்ந்திராமல், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே நிற்கும். குழம்பு முதலில் சிறு காற்று இடைவெளியில் விழுந்து, அங்கேயே பன்மடங்கு இழுபட்டு மெலிகிறது. இறுகுவதற்கு முன்பே சங்கிலிகள் நீளவாக்கில் அணிவகுத்து விடுகின்றன. அணிவகுத்த நிலையில் நீரில் விழுந்து இறுகுகின்றன. சங்கிலியின் நீளமும் விஸ்கோஸைப்போல இருமடங்கு வரை இருக்கும். எனவே லையோசெல் இழை ஈரத்திலும் தன் வலிமையில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் தாங்குகிறது. குறுக்குவெட்டும் வட்டமாக வழவழப்பாக இருக்கிறது.

இவ்வொழுங்கே ஒரு குறையையும் தந்தது. வாழைப்பட்டை நீளவாக்கில் எளிதாகக் கிழிவதை அறிவோம். அதுபோல லையோசெல் இழையும் ஈரத்தில் உராய்ந்தால் நீளவாக்கில் நுண்ணிய நார்களாகப் பிரிந்து எழுகிறது. சாயத் தொட்டியிலிருந்து வரும் துணி வெளிறித் தூசி படிந்ததுபோல் தோன்றும். முதலில் இதைக் கண்டு கலங்கிய ஆலைகள், நொதிகளைக் கொண்டு அந்நார்களை மழித்து எடுக்கவும், சங்கிலிகளைக் குறுக்கே பிணைக்கும் வேதிப்பொருள் சேர்க்கவும் கற்றன. பின்னர் அதே நுண்நாரை வேண்டுமென்றே எழுப்பி, பீச் பழத்தோல் போன்ற மென்மையுடைய துணி என்று கூடுதல் விலைக்கு விற்கவும் கற்றுக்கொண்டன!

கிழிசலும் மூலப்பொருளே

இவ்வளவுக்குப் பின்னும், உலகில் ஆண்டுதோறும் செய்யப்படும் சுமார் 70 லட்சம் டன் மறுஆக்கச் செல்லுலோஸ் இழைகளில் பெரும்பங்கு விஸ்கோஸ்தான். பழைய ஆலையில் போட்ட முதல் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆயினும் 2022-இல் தாய்லாந்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் லையோசெல் செய்யும் ஆலை தொடங்கியுள்ளது. சீனாவிலும் புதிய ஆலைகள் பெருகுகின்றன. வேறு வழிகளும் ஆராயப்படுகின்றன. சீனத்து ஊகான் பல்கலைக்கழகத்தில் லினா சாங் அம்மையார் குழுவினர், எரிசோடாவும் யூரியாவும் சேர்ந்த நீரை உறைநிலைக்குக் கீழே 12 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதில் செல்லுலோஸ் சில நிமிடங்களில் கரைவதைக் கண்டனர். சூட்டில் கரையாதது குளிரில் கரைகிறது! பின்லாந்தில் 1980-களிலிருந்தே ஆராயப்படும் மற்றொரு முறையில், நம் வயலுக்கு இடும் அதே யூரியாவைச் செல்லுலோஸோடு வினைபுரியச் செய்து கார்பமேட் என்னும் சேர்மமாக்கி எரிசோடாவில் கரைக்கிறார்கள். விஸ்கோஸ் ஆலையின் பழைய இயந்திரங்களையே இதற்குப் பயன்படுத்தலாம். கார்பன் டைசல்பைடு தேவையில்லை.

மரமே இல்லாமல் பழந்துணியையே கூழாக்கும் முயற்சியும் நடக்கிறது. சுவீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் பருத்திக் கழிவைக் கரைகூழாக்கும் பேராலை 2022-இல் திறக்கப்பட்டது. வேதியியல் தன் வேலையைச் செய்தது. வாங்குவோர் எதிர்பார்த்த அளவு வராததால் அந்நிறுவனம் 2024 பிப்ரவரியில் நொடித்துப்போயிற்று. மற்றொரு தடையும் உண்டு. பழந்துணி என்பது பருத்தி மட்டுமன்று. பாலியெஸ்டரும், இழுபடும் எலாஸ்டேனும் கலந்திருக்கும். அவற்றைப் பிரிப்பது கரைப்பதைவிடக் கடினம்.

இவ்வகையில் திருப்பூர்ப் பனியன் தொழிலில் விழும் வெட்டுத் துண்டுகள் சிறந்த மூலப்பொருளாகும். அவை எந்த நூலில் நெய்தவை, என்ன கலந்தவை என்பது ஆலைக்கே தெரியும். உடுத்தித் துவைத்துத் தேய்ந்தவையும் அல்ல. இப்போது இத்துண்டுகளை இயந்திரப் பல்லில் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடியும் நூலாக்குகிறார்கள். கிழிக்கும்போது இழையின் நீளம் குறைவதால் தடித்த, மட்டமான நூலே கிடைக்கிறது. கரைத்து நூற்பதானால் இழையின் நீளம் ஒரு பொருட்டன்று. சங்கிலியின் நீளம் மட்டுமே கணக்கு. வெளுத்துச் சாயமிட்டபின்னும் பருத்தியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அலகுகள் எஞ்சியிருக்கும். லையோசெல்லுக்கு வேண்டியதோ ஐந்நூறு அறுநூறுதான்.